கொம்பில்லாத மான் வழக்கு

மச்சான்,

எலி மூத்திரத்துக்கு ஓர் இராச்சியம் உண்டென்றால், அதன் தலைநகர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. மூன்றே மூன்று தாள். மூலையில் தைத்து, ஊதா முத்திரை குத்தி, "உண்மைப் பிரதி" என்று ஒருவர் கையெழுத்து வைத்து, நீதிமன்றப் பதிவறை எனக்குத் தந்தது. பிரதி என்றால் புதுத் தாளில் எடுத்ததுதானே, அது எப்படி மணக்கும் என்று நீ கேட்பாய். மணக்கிறதடா. அந்த அறையில் ஒரு மணி நேரம் கிடந்தால் ரோசாப்பூவும் இப்படித்தான் மணக்கும். ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். ஓடிக்கொலோன் தெளித்துப் பார்த்தேன். ஓடிக்கொலோன்தான் செத்தது.

"இந்தக் கடுதாசி வெளியில போகவேணும், இல்லாட்டி நீங்கள் போகவேணும்," என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டாள் என் மனைவி. மேன்முறையீடு கிடையாது. ஆகவே கடுதாசியும் நானுமாக முன் விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்திருக்கிறோம். எறிந்துவிடலாம். எறிய ஏலாது. அதற்குள் நீ இருக்கிறாய்.

நீ போய் எட்டு மாதமாகிறது. ஓர்ஸ் ஹில் ஓட்டோத் தரிப்பிடத்தில் உன் இடத்தில் இப்போது ஒரு பச்சை ஓட்டோ நிற்கிறது. அதன் சாரதி பாட்டுப் போடும் சத்தத்தில் உட்துறைமுகத்து மீனெல்லாம் வெளித்துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டதாகக் கேள்வி. இதை உன்னிடம் சொன்னால், "எத்தினை மீன்?" என்று கேட்பாய். என் வாழ்நாளில் என் பொய்களை எண்ணிக்கை கேட்டு ரசித்த ஒரே மனிதன் நீதான். அந்தப் பொய்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம் உன் மகள் நிரோஜா வந்தாள். கையில் ஒரு கடித உறை. முகம் உளுத்துப்போன பலகைபோல் இருந்தது. மிருக வைத்திய உதவியாளராக, காட்டு விலங்குகளைப் பார்க்கும் அலுவலகம் ஒன்றுக்கு அவள் தெரிவானது உனக்குத் தெரியாது. நீ இருந்திருந்தால் அன்றைக்கு முழு நகரத்தையும் இலவசமாக ஏற்றி இறக்கியிருப்பாய். ஆனால் நியமனக் கடிதம் வருவதற்கு முன்னால் வேறொரு கடிதம் அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பெயரில்லை, விலாசமில்லை. நம்மூரின் தேசிய இலக்கியமாகிய மொட்டைப் பெட்டிசம்.

"மாமா, அப்பாக்குக் கேஸ் இருந்ததோ?" என்றாள்.

"ஆர் சொன்னது?"

"இதில கிடக்கு. வாசியுங்கோ. கோட்ஸ் பேப்பர் கொண்டுவந்து காட்டட்டாம். மூண்டு கிழமைக்குள்ள. இல்லாட்டி லிஸ்டில அடுத்த ஆளை எடுப்பினமாம்."

வாசித்தேன். "மேற்படி நபரின் தகப்பன் பன்னிரண்டு மான்களைக் கடத்தி இறைச்சியாக்கியவர் என்பதையும், மான்களின் கொம்பு வெளியே நீட்டிக்கொள்ளத் தனது முச்சக்கர வண்டியின் கூரையை அறுத்தவர் என்பதையும், பொலிசார் துரத்தியபோது வண்டியோடு கடலில் இறங்கியவர் என்பதையும் தாழ்மையுடன் அறியத் தருகிறோம். இங்ஙனம், உண்மையை நேசிக்கும் பொதுமக்கள்."

மச்சான், எழுதியவனை ஏச எனக்கு உரிமையில்லை. அந்த ஒவ்வொரு வசனமும் நான் பெற்ற பிள்ளை. ஒன்றாக இருந்த மானை மூன்றாக்கியது நான். மூன்றைப் பன்னிரண்டாக்கியது, தேநீர்க் கடையில் புதிதாக வந்த இரண்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்களே, அன்றைக்கு. உன் ஓட்டோக் கூரையில் நீல ரெக்சினால் ஒட்டுப் போட்டிருந்தாய் அல்லவா, அது கொம்பு கிழித்த இடம் என்று சொன்னதும் நான். கடலில் இறங்கியது ஒரு மழை நாளில் சேர்ந்தது. கேட்டவர்கள் வாங்கித் தந்த இரண்டாவது வடைக்காக. இவ்வளவுக்கும் நீ பக்கத்திலிருந்து பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டு சிரிப்பாய். "கதைக்குத்தானே மச்சான், ஆருக்கு நட்டம்?" என்பாய். ஆருக்கு நட்டமென்று உன் மகள் என் முன்னால் நின்றாள்.

அப்போதாவது வாயைத் திறந்தேனா? திறந்தேன். "மாமா இருக்கப் பயமேன் பிள்ளை! கோட்ஸ் என்ன, கோட்ஸ் கட்டின கொத்தனாரையே எனக்குத் தெரியும். மூண்டே நாளில் கொண்டுவாறன்," என்றேன். என்னைக் காறித் துப்ப வேறு ஆள் தேவையில்லை.

உன் வீட்டு அலுமாரியில் வழக்குச் சம்பந்தமான ஒரு துண்டும் இல்லை. எனவே மறுநாள் காலை, அரசர்கள் படையெடுக்கும் தோரணையில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் புறப்பட்டேன். வாசலில் நான்கு தரகர்கள் ஈ மொய்ப்பதுபோல மொய்த்தார்கள். "ஐயா, பிணையோ? காணி உறுதியோ? டிவோர்ஸோ?" டிவோர்ஸ் என்றவன் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான். உள்ளே நடையின் இடப்பக்கம் கழிப்பறை, வலப்பக்கம் பதிவறை. எது எதுவென்று கண்ணை மூடிக்கொண்டு போனால் கண்டுபிடிக்க ஏலாது.

பதிவறையில் இருந்தவர் மூக்கில் துணிக் கவசம் கட்டிய ஒரு பெண் எழுதுவினைஞர். நிரோஜாவை விட ஐந்தாறு வயது மூப்பு இருக்கும்.

"வழக்கு நம்பர் சொல்லுங்கோ ஐயா."

"நம்பர் தெரியாது பிள்ளை."

"நம்பர் இல்லாட்டி எந்த வருஷம், எந்தப் பொலிஸ், முதலாம் எதிரியின்ர பேர். மூண்டும் இருந்தாத்தான் புத்தகத்தில தேடலாம்."

அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவனை எதிரி என்றுதான் எழுதுவார்கள். விண்ணப்பத் தாளில் வருடத்தை எழுதினேன். பொலிஸ் நிலையத்தை எழுதினேன். முதலாம் எதிரி என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். "வழக்குடன் உமக்குள்ள தொடர்பு" என்று ஒரு கோடு இருந்தது. "நண்பன்" என்று வளைவுகள் வைத்து அழகாக எழுதினேன்.

அந்தப் பதிவுப் புத்தகத்தைத் தூக்க ஒரு யானை வேண்டும், திறக்க இரண்டு யானை வேண்டும். முதுகுத் தோல் கழன்று, கறையான் அரித்து, கரப்பான் கால்கள் கடுகுபோல உதிர்ந்தன. ஒரு கசிப்புச் சாராய வழக்குக்கும் ஒரு கத்திக்குத்து வழக்குக்கும் நடுவே ஒரு பல்லி தட்டையாகி, ஆயுள் தண்டனை முடித்துக் கிடந்தது. அந்தப் பிள்ளை அதைப் பேனா முனையால் ஒதுக்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். உன் பெயர் இல்லை.

இரண்டாம் தடவை போனபோது வருடம் தவறாக இருக்கலாம் என்று முன் வருடத்தையும் பின் வருடத்தையும் பார்த்தோம். அன்று நடந்ததை நான் ஒளிக்கப் போவதில்லை. அவள் விரல் கீழே இறங்கும்போது என் கண்ணும் இறங்கியது. நம்மூரின் பெரிய மனிதர்கள் எல்லாம் அங்கே வரிசையாக நின்றார்கள், மச்சான். கரண்ட் மீற்றரைத் திருப்பியவர், மைத்துனனின் பல்லை உடைத்தவர், அடுத்தவன் மாட்டைத் தன் மாடென்று சத்தியம் செய்தவர். இந்த ஒரு பக்கம் போதுமே, பத்து வருடத்துக்குத் தேநீர்க் கடையில் நான் சக்கரவர்த்தி என்று நினைத்தேன். உன் மகளின் சோறு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்க, நான் ஊரானின் ஊத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாய்கூட மெல்ல அசைந்திருக்க வேண்டும், மனப்பாடம் செய்யும் மாணவனைப்போல.

"ஐயா," என்றாள் அவள், தலை நிமிராமலே. "உங்கட வழக்கை மட்டும் பாருங்கோ."

காது சுட்டது. பார்த்தேன். உன் பெயர் இல்லை.

இரண்டு கிழமை ஓடிவிட்டது. ஒவ்வொரு நாளும் நிரோஜா தொலைபேசியில், "என்னவாம் மாமா?" என்பாள். "கட்டு மேல் தட்டில கிடக்காம், ஏணி கேட்டிருக்கிறன்," என்பேன். ஒரு நாள் ஏணி. ஒரு நாள் மின்வெட்டு. ஒரு நாள் பாம்பு. பொய் சொல்ல எனக்குப் பயிற்சி தேவையில்லை, ஆனால் அந்தக் கிழமை என் பொய்களே என் வாயில் நாறின.

மூன்றாம் தடவை அந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, இவர் தனியாவோ பிடிபட்டவர்?"

நான் மேலே சுழலாத மின்விசிறியைப் பார்த்தேன்.

"கூட ஆரும் இருந்தவையோ எண்டு கேக்கிறன். புத்தகத்தில முதலாம் எதிரியின்ர பேர் மட்டும்தான் ஏறும். மிச்சப் பேரெல்லாம் 'மற்றும் ஒருவர்', 'மற்றும் இருவர்' எண்டு போயிரும். இவர் ரெண்டாம் எதிரியா இருந்தா, ஏழு பிறப்பெடுத்துத் தேடினாலும் இவர்ர பேர் கிடைக்காது."

மச்சான், நீ சிரிக்காதே. உண்மையாகவே எனக்கு அது மறந்திருந்தது. பதினான்கு வருடமாகக் கதை சொல்லிச் சொல்லி, அந்த ஓட்டோவின் பின் சீற்றிலிருந்து என்னை நானே இறக்கிவிட்டிருந்தேன். கதையில் நீ, பன்னிரண்டு மான், பொலிஸ், கடல். நான் தேநீர்க் கடையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்த சாட்சி.

நடந்தது இதுதான். நட்ட நடு மத்தியானம். கந்தோரில் அரை நாள் லீவு. நீ என்னை வீட்டில் இறக்கப் போய்க்கொண்டிருந்தாய். கடற்கரை வீதியில், கோட்டைக்குள் மேயும் மான்களில் ஒரு பெண் மான், குப்பையில் எதையோ நக்கப்போய், ஐஸ்கிறீம் வாளிக்குள் தலை மாட்டுப்பட்டுக் கண் தெரியாமல் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் அதன் பின்காலில் அடித்துவிட்டு நிற்காமல் போனது. நீ பிரேக் போட்டாய். இறங்கி ஓடியது நான். "ஏத்தடா, மிருக ஆஸ்பத்திரிக்கு விடடா," என்று கத்தியதும் நான். வாளி கழலவில்லை. அதை அப்படியே மடியில் அணைத்துக்கொண்டு நான் பின்னால் குந்த, நீ ஓட்டினாய். சந்தியில் பொலிஸ் மறித்தது.

"எங்க போறது?"

"ஆஸ்பத்திரிக்கு, சேர்."

"ஆருக்கு வருத்தம்?"

"பின்னால இருக்கிறவருக்கு," என்றாய் நீ.

பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார். ஐஸ்கிறீம் வாளி அவரைப் பார்த்தது. அதன் பிறகு அவரை எந்தத் தெய்வத்தாலும் நம்பவைத்திருக்க ஏலாது. மானைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான், ஆகவே நான் முதலாம் எதிரி. ஓட்டியவன் நீ, இரண்டாம் எதிரி.

இதில் எங்கே மச்சான் இறைச்சி? எங்கே கொம்பு? உண்மையே போதுமான அளவு பகிடியாக இருந்ததே. அதில் நானும் இருந்தேன் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கில் அகப்பட்ட அரசாங்க உத்தியோகத்தன் என்று ஊர் சிரிக்கும். நீ ஓட்டோக்காரன், உன்னைப் பார்த்துச் சிரித்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன். நினைத்தேன் என்று எனக்கே தெரியாமல் நினைத்திருக்கிறேன். அதுதான் இன்னும் அசிங்கம்.

அந்தப் பிள்ளையிடம் என் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு. அவள் விரல் ஒரு தடவைதான் இறங்கியது. முதல் நாளே நாங்கள் கடந்துபோன அதே பக்கம். என் பெயர், அதன் பக்கத்தில் "மற்றும் ஒருவர்."

"இது நீங்களோ ஐயா?"

"ஓம் பிள்ளை."

"அப்ப ஏன் என்னை மூண்டு தரம் தூசி திண்ண வச்சனீங்கள்?"

அவள் புதிய விண்ணப்பத் தாள் ஒன்றைத் தள்ளினாள். "நண்பன் எண்டு போட்டா லோயர் வச்சு, காரணம் காட்டி, நீதவானிட்ட அனுமதி எடுக்கவேணும். எதிரி எண்டு போட்டா உங்கட வழக்கு, உங்கட உரிமை. நாளைக்கு எடுக்கலாம்." தொடர்பு என்ற கோட்டில் "முதலாம் எதிரி" என்று எழுதினேன். வளைவுகள் வரவில்லை.

மறுநாள் கட்டு வந்தது. எலி குடும்பத்தோடு குடியிருந்த கட்டு. மூன்று தாளையும் நீதிமன்ற மர வாங்கில் அமர்ந்து வாசித்தேன். பொலிஸ் அறிக்கை: கொம்பில்லாத பெண் மான் ஒன்று, உயிருடன். இடது பின்காலில் காயம். தலையில் பிளாஸ்ரிக் வாளி ஒன்று. மிருக வைத்தியரின் குறிப்பு: வாளி வெட்டி அகற்றப்பட்டது, காலுக்குக் கட்டுப் போடப்பட்டது, விலங்கு மீண்டும் கோட்டைக்குள் விடப்பட்டது. மூன்றாவது தாள், நீதிமன்றக் குறிப்பு. அதை நான்கு தடவை வாசித்தேன்.

"2ஆம் எதிரி கூறுவது: மிருகத்தை ஏற்றியது நான். 1ஆம் எதிரி வழியில் ஏறிய பயணி. அவருக்கு ஒன்றும் தெரியாது. 1ஆம் எதிரி வழக்கிலிருந்து விடுவிக்கப்படுகிறார். 2ஆம் எதிரி, அனுமதியின்றி விலங்கை ஏற்றிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். கடுமையாக எச்சரிக்கப்பட்டு விடப்படுகிறார்."

வழக்கு நாளன்று கூண்டில் எனக்குக் காது அடைத்திருந்தது. யாரோ கையைக் காட்டிப் போகச் சொன்னார்கள். போனேன். போனேன் என்பது மரியாதையான சொல். செருப்பொன்றை விட்டுவிட்டு ஓடினேன். எதிரிலிருந்த தேநீர்க் கடையில் ஒளிந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து நீ என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாய். "முடிஞ்சுது. ரெண்டு பேரையும் விட்டிட்டாங்கள். வா, பிளேன்ரீ குடிப்பம்." நான் உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. என் வேலை போய்விடக் கூடாதென்று நீ குற்றவாளியானாய். நான் அந்தக் குற்றத்துக்குக் கொம்பு வைத்து ஊர் முழுக்க விற்றேன். நீ பக்கத்திலிருந்து, "இப்ப எத்தினை மான்?" என்று கேட்டாய்.

மூன்றாம் கிழமை முடிய இரண்டு நாள் இருக்க, நிரோஜாவோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தாளையும் வாசித்தார். வாசனை எட்டியதும் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு மீதியை வாசித்தார்.

"பன்னிரண்டு மான் எண்டு பெட்டிசத்தில இருக்கே?"

"ஒண்டு."

"கொம்பு?"

"இல்லை."

"கூரையை வெட்டினது?"

"பழைய கிழிசல்."

"கடல்ல இறங்கினது?"

"இறங்கேல்ல."

"அப்ப இந்தக் கதையெல்லாம் எங்கயிருந்து வந்தது?"

"நான் கட்டினது, ஐயா. முதலாம் எதிரி நான்தான். இவவின்ர அப்பா என்னைக் காப்பாத்தப்போய் ஒப்புக்கொண்டவர்."

என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய உரை. அதிகாரி அதையே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்து வைத்தேன். மொட்டை இல்லை, விலாசத்தோடு.

வெளியே வந்து சந்தி வரைக்கும் நிரோஜா எனக்கு முன்னால் நடந்தாள். பிறகு நின்றாள்.

"அப்பா ஒப்புக்கொண்டது உங்களுக்குத் தெரியாதோ மாமா?"

"தெரியாது பிள்ளை. கேக்கேல்ல."

"பதினாலு வருஷம் கேக்கேல்ல."

அவள் திட்டியிருக்கலாம். நான் அதற்கு ஆயத்தமாகத்தான் நின்றேன். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். போன கிழமைதான் நியமனக் கடிதம் வந்ததென்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் மாமா என்ற சொல் இல்லை. வேலை கிடைத்துவிட்டது, மச்சான். அதை உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அவளுடைய கோபம் எனக்கு உரியது.

நேற்றுத் தேநீர்க் கடையில் அந்தப் பச்சை ஓட்டோக்காரன் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, அந்த மான் கதையைச் சொல்லுங்கோவன்." சுற்றி ஐந்தாறு பேர் திரும்பினார்கள். சொன்னேன். ஒரு மான். கொம்பில்லை. தலையில் வாளி. பின் சீற்றில் நான். குற்றத்தை ஏற்றவன் நீ. அவ்வளவுதான். "இதென்ன அண்ணை, முந்தி நல்லா இருந்தது," என்றான் ஒருவன். ஒருவனும் வடை வாங்கித் தரவில்லை.

நான் அவர்களிடம் சொல்லாத ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. எந்தக் காலத்திலும் கதையில் சேர்த்ததில்லை, ஏனென்றால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பதிவறையிலும் அது இல்லை. அந்த மானின் நெஞ்சு என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு அடித்தது, மச்சான். இரண்டு நெஞ்சில் எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. நீ பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு குழியிலும் கிளச்சைப் பிடித்து, நடக்கிற வேகத்தில், அது குலுங்காமல் ஓட்டிக்கொண்டு போனாய்.